ஆபேல் திட்டிய தோல்

ஆம்பூரில் என் மண்டித் தோலைக் குறை சொன்னவன் ஒருத்தன்தான், ஆர்மோனியம் பழுது பார்க்கும் ஆபேல். நான் சத்தார். தோலில் கை வைத்து முப்பது வருஷம். துருத்திக்கு வேண்டிய மெல்லிய ஆட்டுத்தோலை என்னிடம்தான் வாங்குவான், வாங்கிவிட்டு என்னைத்தான் வைவான்.

சண்டை தொடங்கியது மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் பொன்மலரின் ஆர்மோனியப் பெட்டியால். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் அதற்குத் துருத்தி கட்டிக் கொடுத்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காற்று போகிறது என்று ஆள் வரும். இவன் சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே போய் ஒட்டுப் போடுவான். திரும்பும்போது என் மண்டி வாசலில் நின்று, “இன்னா பாய், உண்ணி கடிச்ச தோலைக் குடுத்து பேஜார் பண்றியே, பொட்டு பொட்டா ஓட்டை” என்பான். உண்ணி கடித்த தோலை நான் விற்பேனா? கொண்டுவந்து காட்டுடா என்றால் காட்டமாட்டான். டீச்சர் வீட்டுப் பெட்டியைக் கடைத்தெருவுக்குத் தூக்கி வருவதா என்பான்.

அவளைக் கட்டிக்கொள்ள அவனுக்குக் கொள்ளை ஆசை. என்னிடம் நூறு தடவை சொன்னான், அவளிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. “படிச்ச பொண்ணு, பசை டப்பா தூக்கறவனை எதுக்குப் பாக்கும்?” மூன்று வருஷம் இப்படியே போனது. பிறகு அவள் கோலார் தங்கவயல் கம்பவுண்டர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மடையன், அதற்குப் பிறகு வேறு பெண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

போன மாதம் குடியாத்தத்துப் பஜனைக்காரர் ஒருவர், ஏலத்தில் எடுத்த பழைய பெட்டிக்குப் புதுத் துருத்தி போடச் சொல்லி ஆபேலிடம் விட்டுப் போனார். திறந்ததும் தன் ஒட்டுகளை அடையாளம் கண்டு என்னைக் கூப்பிட்டான்.

“வா பாய். பொன்மலர் பொட்டி. உன் யோக்கியதையை நீயே பாரு.”

பதினான்கு வருஷமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். வெந்நீர்த் துணியால் நனைத்து ஒட்டுகளை உரித்தேன். ஓட்டைகளை விரலால் தடவினேன். உண்ணிக் கடி, ஆடு உயிரோடு இருக்கும்போதே ஆறி, விளிம்பு தடித்துப் போயிருக்கும். இங்கே தடிப்பே இல்லை. ஒவ்வொரு ஒட்டுக்கும் கீழே நாலைந்து ஓட்டை, வரிசையாக, வெளியே தெரியாத மடிப்புக்குள்.

“கண்ணைத் தொறந்து பாருடா. உண்ணியா இது? தையல் ஊசி. வேணும்னே குத்தியிருக்கு, உன்னை வர வைக்க...”

அதற்குள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டேன். பாழாய்ப்போன வாய். ஆபேல் தோலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டான்.

“போறப்பல்லாம் காபி குடுக்கும் பாய். மறுபடி எப்ப வருவீங்கன்னு கேக்கும். கெட்டியா ஒட்டியிருக்கேன், இனிமே என்னைக் கூப்பிடற வேலையே இருக்காதுன்னு சொல்லிட்டு வருவேன்.”



“இல்லடா, உண்ணிதான். எனக்குக் கண்ணு செரியா தெரியல. அந்த வருஷம் வந்த தோலு மட்டம். நான்தான் ஏமாத்திட்டேன்” என்றேன்.

அவன் அந்தத் தோலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

“பொய் சொல்லாத பாய். உன் தோலுல ஓட்டையே இருந்ததில்ல.”