திருவாதிரைக்குப் போட்ட மறைப்பு

மணியம் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவி, நெற்றியில் திருநீறு இட்ட பிறகுதான் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார். வாரத்தில் ஆறு நாள் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பட்டறையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். எவ்வளவு தேய்த்தாலும் நகத்தோரச் சாம்பல் நிறம் போவதில்லை.

"காருக்கு அடிக்கிறது பத்தலன்னு அண்ணன் வானத்துக்கும் டச்-அப் பண்றாரு லா" என்று உடன் வேலை செய்யும் முத்து கேலி பேசுவார். மணியம் கோபிக்க மாட்டார். அதில் பொய் இல்லையே. பொந்தியான் கடற்கரையில் அவர் இரவில் எடுத்து வரும் வானப் படங்களில் நட்சத்திரங்கள் உப்பைக் கொட்டினாற்போல் மண்டிக் கிடக்கும். பின்னால் இருக்கும் நெபுலா என்னும் ஒளிமேகம் கண்ணுக்கு அகப்படாது. நட்சத்திரங்களை மட்டும் சிறிதாக்க, படத்தின் மேல் ஒரு மறைப்புப் போடுகிறார். பட்டறையில் பெயிண்ட் படாமலிருக்கக் கண்ணாடிக்கும் விளக்குக்கும் பேப்பர் ஒட்டுவதைப் போலத்தான். மறைப்பில் வெள்ளையான இடத்தில் வேலை நடக்கும். கறுப்பான இடத்தை எதுவும் தொடாது.

ஓரம்தான் அவருக்கு முக்கியம். "டேப்ப அழுத்தி ஒட்டுனா கோடு விழுந்துரும். ஓரத்த மடிச்சு விடணும், பெயிண்ட் தானா மங்கிப் போயிரும்" என்பார். மறைப்பின் ஓரத்தையும் அப்படியே கலைத்து மென்மையாக்குவார்.

போன வருஷம் மனைவி தனலெட்சுமிக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. தினமும் கோயிலில் அவர் பெயருக்கும் திருவாதிரை நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தார் மணியம். பிழைத்து வந்தால் அந்த நட்சத்திரத்தையே படமெடுத்துச் சந்நிதியில் வைப்பதாக வேண்டிக்கொண்டார். ஆண்டவன் திருப்பிக் கொடுத்தான். இதோ, விடிந்தால் மார்கழித் திருவாதிரை. பிரிண்ட் கடை இன்று மாலை ஐந்து மணிவரைதான்.

பிற்பகல் மூன்று மணிக்குப் படம் முடிந்தது. பால் விடாத தே ஓ தேநீர் கொண்டுவந்த தனலெட்சுமி குனிந்து பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. இதுல என் நட்சத்திரம் எதுங்க?"

காட்ட மணியம் நீட்டிய விரல் பாதியிலேயே நின்றது. இந்த முறை மறைப்பைக் கம்ப்யூட்டரையே போட விட்டிருந்தார். அதற்கு எல்லா நட்சத்திரமும் ஒன்றுதான். கூட்டத்தோடு கூட்டமாகத் திருவாதிரையும் சுருங்கி, சிவப்பு வெளுத்து, எங்கோ கிடந்தது.

"வேண்டிக்கிட்டதையே அழிச்சிட்டேன், தனம்."

தனலெட்சுமி ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

மணியம் பழைய படத்தை எடுத்து முதலிலிருந்து தொடங்கினார். மறைப்பில் திருவாதிரையின் மேல் மட்டும் தன் கையாலேயே கறுப்பைப் பூசினார். நட்சத்திரம் நின்றது, ஆனால் சுற்றிலும் ஒரு கரிய வளையம். ஓரத்தைக் கலைத்தார். போதவில்லை. இன்னும் கொஞ்சம் கலைத்தார். மூன்றாம் முறை வளையம் கரைந்து, ஒளிமேகத்துக்கு மேலே திருவாதிரை செக்கச் சிவந்து நின்றது. மணி நாலே முக்கால்.

"இதுவா?" தனலெட்சுமி விரலை நீட்டினார்.

"இதேதான்."

படத்தைக் கடைக்கு அனுப்பும் பொத்தான் ஒன்றுதான் பாக்கி. தனலெட்சுமி நீட்டிய அந்த விரலை மணியம் மெல்லப் பிடித்து, அதைக் கொண்டே அழுத்தினார்.