சாவு எந்த ஊர்க் கணக்கில்

சில்வா ஏரிக்கரையில் பதினோரு வருஷமாகச் சுகாதார உதவியாளராக இருக்கும் மனேசிக்கு, ஏரி நிறம் மாறினாலே காலரா வரப்போகிறது என்று தெரிந்துவிடும். அந்த நவம்பரில் தண்ணீர் வற்றி, கலங்கி, பச்சையாகக் கிடந்தது. நடு ஏரியில், நாணல் மேல் மிதக்கும் புல் குடிசைகளில், முந்நூறு பேர் தங்கி மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான், வெளிக்குப் போவதும் அதில்தான். அவர்களில் ஒருவன் அவள் தம்பி வைசன்.

ஒரே வாரத்தில் அங்கே இரண்டு பேர் காலராவில் செத்தார்கள். தாயின் ஊரில் புதைக்காவிட்டால் இங்கே யாருக்கும் மனசு ஆறாது. உடல்களைத் தோணியில் கரை சேர்த்து, சைக்கிளில் கட்டி, மலைமேல் இருக்கும் முலாவே கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். மனேசியும் வைசனும் பிறந்த ஊரும் அதுதான்.

தடுப்பு மருந்து கேட்டு மனேசி மாவட்ட அலுவலகத்துக்கு ஓடினாள்.

"மருந்து வந்துடுச்சும்மா. முலாவேக்கு அனுப்பியாச்சு" என்றார் அதிகாரி.

"அங்க யாருக்கும் ஒண்ணுமில்லையே சார். அடிபம்புத் தண்ணிதான குடிக்கிறாங்க."

"ரெண்டு சாவும் அங்கதான பதிவாயிருக்கு? புதைச்ச ஊருத் தலைவர் எழுதிக் குடுத்திருக்காரு. ஏரியில ஒரு சாவும் இல்ல."

"செத்தது ஏரியில சார்."

"ஏரிக்குத் தலைவர் யாரு? பேரச் சொல்லு, எழுதிக்கறேன்."

ஏரிக்கு ஏது தலைவர்? மீன் வேண்டும்போது மட்டும்தான் அந்த ஏரி எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

உப்புக் கரைசல் பொட்டலங்களை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு அவள் தோணி ஏறினாள். வைசன் குடிசை வாசலில் சாய்ந்து கிடந்தான். கண்கள் குழிவிழுந்திருந்தன.

"எப்பத்துல இருந்துடா?"

"காலையில இருந்து. டாக்டரம்மா மூஞ்சப் பாரு. என்னைவிட நீதான் நோயாளி மாதிரி இருக்க."

கரைத்துக் கொடுத்தாள். குடித்தது அப்படியே வெளியே வந்தது. ஊசி வழியே நீர் ஏற்ற வேண்டுமென்றால் கரைக்குப் போக வேண்டும். துடுப்புப் போட்டால் மூன்று மணி நேரம். தம்பி தாங்குவானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனைத் தோணியில் கிடத்தினாள்.

"அக்கா, நான் செத்தா முலாவேக்குத் தூக்கிட்டுப் போகாத."

"வாய மூடுடா."

"கரையில, நீ இருக்கற ஊர்லயே புதை. தலைவர்கிட்ட எழுதி வாங்கு. அப்பத்தான் மருந்து இந்தப் பக்கம் வரும். அம்மா அங்க படுத்திருக்கா, கோச்சுக்குவா. நான் சொல்லிக்கறேன்."

மனேசி துணியைச் சுருட்டி அவன் தலைக்கடியில் வைத்தாள். அவன் சொன்னது நடக்கக்கூடிய வழிதான் என்று அவள் மனம் ஒரு நொடி ஒத்துக்கொண்டது. அந்த நொடிக்காகத் தன்னையே வெறுத்தாள். பக்கத்துக் குடிசையில் யாரோ வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. அவள் துடுப்பை எடுத்தாள்.