கூட வந்தவள்

"ஐயோ, நான் கூட வந்தவங்க! எத்தனை தடவை சொல்றது? சீட்டு எனக்கில்ல!"

கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண், ஆஸ்பத்திரியில் இந்தப் புலம்பலைக் கேட்காத ஆளை மிச்சம் வைக்கவில்லை. காவலாளியிடம் சொன்னாள், பெருக்குகிற அம்மாவிடம் சொன்னாள். ஒருநாள் டீக்காரரிடமும் சொல்லிவிட்டாள். "டீ வேணுமான்னுதானேம்மா கேட்டேன்?" என்றார் அவர் பாவமாக. வகுப்பில் அவளுக்குக் 'கூடவந்தவ' என்றே பெயர் விழுந்துவிட்டது.

உடலுறவு, அதனால் வரும் நோய்கள், கருத்தடை என்று வீட்டில் வாயைத் திறக்க முடியாத சந்தேகங்களோடு வருகிற மாணவர்களுக்குப் பதில் சொல்ல, கல்லூரியிலேயே சில மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அவர்களில் அவளும் ஒருத்தி. தோளில் எப்போதும் ஒரு கறுப்புப் பை. உள்ளே ஆணுறைப் பொட்டலங்கள், அதைப் போடுவது எப்படி என்று காட்ட, துண்டில் சுற்றிய மரக்கட்டை மாதிரி ஒன்று. டிபன் பாக்ஸ் தேடப்போன அம்மா ஒருநாள் அதை வெளியே எடுத்துவிட்டாள்.

"இது என்னடி, நாற்காலிக் காலா?"

"ஆமாம்மா. காலேஜ்ல ஒரு நாற்காலி ஆடுது."

அந்தப் பொய் அவளை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. அம்மா வேறு, நாற்காலி சரியாகிவிட்டதா என்று அக்கறையாக விசாரித்துக்கொண்டே இருந்தாள்.

பையன்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வருவார்கள். "அது வந்து... என் ஃபிரெண்டுக்கு ஒரு சந்தேகம்..." இவளும் அதே குரலில் கனைத்துக்கொண்டு, "அந்த ஃபிரெண்டு வர்ற வரைக்கும் நீ அவன் இடத்துல உக்காரு" என்பாள். ரத்தம் எடுக்கப் பயப்படுகிறவர்களுக்கு ஒரே மருந்துதான்: "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." பயிற்சியில் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்லியிருந்தார்கள். காதில் விழுந்தது வாய்க்கு வரக்கூடாது. பயந்தவரைத் தனியே அனுப்பக்கூடாது.

இரண்டாவதால்தான் வினை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம் 'சிறப்புப் பிரிவு' என்று ஒரு பலகை. என்ன சிறப்பு என்று எழுதாததாலேயே ஊருக்கெல்லாம் தெரியும். அங்கே அவளைப் பார்த்த கண்கள் வீட்டுக்கும் சேதி சொல்லிவிட்டன. அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "இன்னும் ஒருத்தர் வந்து உன் பொண்ணை அங்க பார்த்தேன்னு சொல்லட்டும், அந்தப் பை அடுப்புக்குள்ள போயிடும்."

அப்படிப்பட்ட நேரத்தில்தான் முயல் வந்தாள். இரண்டாம் வருஷப் பெண். எந்தப் பக்கமிருந்து யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே பேசுவாள், அதனால் முயல். பழகியவன் இப்போது போனை எடுப்பதில்லை. இவளுக்கோ பத்து நாளாகக் கீழே எரிச்சல்.

சிறப்புப் பிரிவின் இரும்பு நாற்காலிகள் ஒரே கம்பியில் கோத்தவை. ஒருத்தர் கால் ஆட்டினால் வரிசையே ஆடும். அன்று வரிசை நிற்காமல் ஆடியது. முயலின் விரல்களுக்குள் மஞ்சள் சீட்டு சுருண்டு போயிருந்தது. மஞ்சள் சீட்டு வைத்திருப்பவர்தான் நோயாளி.

"அக்கா, எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திடுவாங்கக்கா."

"யார் சொல்லப் போறா? காலை ஆட்டாம உக்காரு, எனக்குத் தலை சுத்துது."

சொல்லி வாயை மூடவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டே, எக்ஸ்ரே அறைக்கு வழி தவறி உள்ளே வந்து நின்றாள் கூடவந்தவளின் பெரியம்மா. சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். முயலின் அம்மாவுக்குப் பக்கத்து மெஷின்.

"அடியேய், நீயா? இங்க என்னடி பண்ற? இது யாரு, நம்ம பக்கத்து மெஷின்காரி பொண்ணாச்சே! கையில என்னம்மா சீட்டு?"

முயலின் முகத்தில் ரத்தமே இல்லை. கூடவந்தவளுக்கு அந்தப் பழைய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது: நான் கூட வந்தவ. அதைச் சொன்னால் இவள் தப்பித்தாள். ஆனால் வரிசையில் உட்கார்ந்திருந்தது இரண்டே பேர். அப்போ யாருக்கு சீட்டு என்ற அடுத்த கேள்வி நேராக முயல் மேல் போய் விழும். இத்தனை நாளும் அந்த வாக்கியத்தைச் சொன்னபோதெல்லாம் பக்கத்தில் இருந்தவரைக் கைகாட்டிக்கொண்டே இருந்திருக்கிறோமோ என்று அப்போதுதான் உறைத்தது.

கை நீட்டிச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என் சீட்டு பெரியம்மா. பையில தேடணுமேன்னு இவகிட்ட குடுத்து வெச்சேன். இவ கூட வந்தவ."

"உனக்கா? இந்த ரூமுக்கா? உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"நீங்க இருக்கீங்களே, தெரிஞ்சிடும். எக்ஸ்ரே அந்தப் பக்கம், மூடிடப் போறாங்க."

பெரியம்மா நகர்ந்தாள், கழுத்து மட்டும் இங்கேயே இருந்தது. அந்த நேரம் பார்த்து நர்ஸ் கத்தினாள்: "மஞ்சள் சீட்டு உள்ள வாங்க! கூட வந்தவங்க வெளியிலயே இருங்க!"

"சிஸ்டர், ரெண்டு பேரும் வர்றோம். மயக்கம் வரும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். இப்பவே வருது." அது பொய்யில்லை.

உள்ளே டாக்டர் முயலைப் பரிசோதித்தார். சாதாரணத் தொற்றுதான், மாத்திரையில் போய்விடும், அந்தப் பையனையும் வரச்சொல்லு என்றார். முயல் தேம்பினாள். "அக்கா, உங்க வீட்டுல என்ன சொல்வீங்க?"

"முதல்ல மூக்கைத் துடை."

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, ரத்தம் எடுக்குமுன் எல்லாரிடமும் பேசுகிற ஆலோசகர் அக்காவிடம் திரும்பினாள். "எனக்கும் ஒரு சீட்டு போடுங்கக்கா. ரத்தம் எடுங்க."

"எதுக்கு, சொன்ன பொய்யை உண்மையாக்கவா?"

"எங்கம்மாகிட்ட இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லக்கா. நாற்காலிக் கால் ஒன்னே போதும்."

ஆலோசகர் சிரித்தார், ஆனாலும் எல்லாரிடமும் கேட்கிற கேள்விகளை விடாமல் கேட்டார். அவள் என்ன பதில் சொன்னாள் என்பது அந்த அறையோடு போகட்டும். ஊசி இறங்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது மட்டும் உண்மை. ரிசல்ட் நாளைக்கு என்றார்கள்.

வீட்டுக்கு அவளுக்கு முன்னாலேயே போன் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா காய்ந்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து, மடித்த சட்டையையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா பேசினா."

"எக்ஸ்ரே எடுத்தாங்களாமா?"

"பேச்சை மாத்தாதடி." அம்மாவின் குரல் உடைந்தது. "பையை ஒன்னும் பண்ண மாட்டேன். எப்பவும் ஒன்னு சொல்லுவியே, அதை ஒரு தடவை சொல்லிடு. கூடத்தான் போனேன்னு சொல்லு, நான் நம்பறேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் மகள் மேல் பழி நிற்க அம்மா விடமாட்டாள். அந்த நிமிஷமே பெரியம்மாவுக்குப் போன் போகும், காலையில் காலர் வரிசை முழுக்க முயலின் பேச்சாக இருக்கும். அவள் சட்டைக் கையை மடித்துவிட்டு, பஞ்சு ஒட்டிய இடத்தைக் காட்டினாள்.

"இல்லம்மா, இன்னிக்கு நான் கூட வந்தவ இல்ல. குத்தினது எனக்குத்தான், இந்தா பாரு. எறும்பு கடிச்ச மாதிரின்னு சொல்லி எத்தனை பேரை ஏமாத்தியிருக்கேன், நல்லாவே வலிக்குது! நாளைக்கு ரிசல்ட் வாங்கப் போகணும், தனியாப் போக பயமா இருக்கு. நீ என்கூட வா. வாசல்ல யாராவது கேட்டா என்ன சொல்லணும்னு நான் சொல்லித் தர்றேன்."