வளைகாப்புச் சாப்பாட்டை நான் விற்றது

ஸ்டூடியோ வேலையை நானே கோபத்தில் விட்டேன். கல்யாண ஜோடிகளின் முகவாயைத் தூக்கிவைத்துப் படம் எடுத்து அலுத்துவிட்டது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு செராங்கூன் ரோட்டில் இறங்கி நடந்தபோது என்னைவிடப் பெரிய வீரன் கிடையாது. எழுபதுகளின் கடைசி அது. லண்டனில் ஒரு ஏஜென்சிக்கு ஸ்லைடுகளைத் தபாலில் அனுப்பினால், அவற்றை அலமாரியில் அடுக்கிவைத்து, கேட்கிற பத்திரிகைக்கும் காலண்டர் போடுகிறவர்களுக்கும் கொடுப்பார்கள். வருவதில் பாதி நமக்கு. இப்படிப் பிழைக்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி சாத்தே இறைச்சிக் குச்சி, லக்சா நூடுல்ஸ், தேக்கா மார்க்கெட் மீன் என்று கண்டதையெல்லாம் எடுத்து அனுப்பினேன். ஒன்றுகூட விற்கவில்லை. புக்கிட் மேரா வீட்டில், ஏழாம் மாத வயிற்றோடு தையல் ஃபேக்டரிக்குப் போய்வந்த மனைவியின் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் ஏஜென்சியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு காலண்டருக்குத் தென்னிந்திய விருந்து வேண்டும், வாழை இலையில், சாப்பிடுகிற கையோடு, இந்த மாதத்துக்குள். விருந்து சமைக்க எனக்கு வக்கில்லை. வீட்டில் நடக்கப்போகிற ஒரே விருந்து அவளுடைய வளைகாப்பு. அதை எடுத்துவிடலாம் என்று உடனே தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை, அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மாமியாருக்குப் பிடிக்கவில்லை. ஊர் பேர் தெரியாதவன் கண்ணெல்லாம் படும் மாப்பிள்ளை என்றார். மனைவிதான் அவரை அடக்கினாள்.

"இருக்கட்டும் லா மா. இதுவும் போச்சுன்னா இவரு உடைஞ்சிடுவாரு."

வந்தவர்கள் பசியோடு காத்திருந்தார்கள். நான் சாதம் மினுங்குவதற்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். முழங்கை வரை கண்ணாடி வளையலோடு அவள் வலது கை எலுமிச்சைச் சாதத்தைத் தொட்டபடி அசையாமல் இருந்தது. கை மரத்துப்போகிறது என்று சிரித்தாள். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று ரோல் முழுவதையும் தீர்த்தேன்.

கழுவி வந்த ஃபிலிமைக் காசை மிச்சம்பிடிக்க நானே வெட்டி அட்டைச் சட்டத்தில் பொருத்தி ஸ்லைடாக்கினேன். ஃபிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று காட்ட, சட்டத்தின் மூலையில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். தபால் ஆபீஸ் மூடுவதற்குள் ஓடவேண்டிய அவசரத்தில் அதையெல்லாம் செய்தேன்.

அடுத்த மாதம் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அசைவதை நிறுத்திவிட்டது. ஆண் பிள்ளை. காரணம் சொல்லத் தெரியவில்லை என்றார் டாக்டர். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, அவள்தான் விடவில்லை. ஃபேக்டரியில் நின்றதாலா, மாடி ஏறியதாலா, தெரியாமல் எதையாவது தின்றுவிட்டேனா என்று தினமும் கேட்பாள். இல்லை, இல்லை என்பேன். அதைக் காதில் வாங்காமல் மறுநாளும் கேட்பாள். சாப்பாடு பாதியாகிவிட்டது, பேச்சு அதைவிடக் குறைந்துவிட்டது.

அப்போதுதான் லண்டன் உறை வந்தது. உள்ளே ஒரு செக், அச்சான காலண்டர் பக்கம் ஒன்று. தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே பிரித்துப் பார்த்தேன். படம் இடவலமாக மாறியிருந்தது. இலையின் நுனி அவளுக்கு வலப்பக்கம். அவள் இடது கையால் சாப்பிடுகிறாள். எங்கள் வீடுகளில் செத்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் நுனியை அந்தப் பக்கம் வைத்து இலை போடுவோம். லண்டன்காரனுக்கு அது தெரிய நியாயமில்லை, தப்பும் அவனுடையதில்லை. புள்ளியைத் தப்பான பக்கத்தில் வைத்தவன் நான். சகுனம், சாஸ்திரம் என்று யாராவது ஆரம்பித்தால் கேலி செய்தே விரட்டுகிறவன், அன்று படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இது மட்டும் அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. சாத்தே படம் விற்றது என்று சொல்லிச் செக்கைக் காட்டினேன். அந்தப் பக்கத்தை ஃபிலிம் டப்பாக்களுக்கு அடியில் ஒளித்தேன்.

மறுவருஷம் வருமான வரிப் படிவத்தில் அந்தச் செக்கையும் எழுதினேன். நேர்மை ஒன்றுமில்லை, பயம்தான். வெளிநாட்டிலிருந்து வந்த தொகைக்கு ஆதாரம் கொண்டுவா என்று பதில் வந்தது. ஆதாரம் என்றால் என்னிடம் அந்த ஒரு பக்கம்தான். கடைசி நாளன்று யாருக்கும் தெரியாமல் எடுத்துப்போய்க் காட்டிவிட்டு, வரும் வழியிலேயே கிழித்துப் போடலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் கடிதம் அவள் கையில் கிடைத்துவிட்டது. ஃபேரர் பார்க்கில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுக்க நான் போயிருந்தபோது, எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று டப்பாக்களைக் கிளறியிருக்கிறாள்.

வந்து பார்த்தால் மேசைமேல் வரிக் கடிதமும் காலண்டர் பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஃபிலிம் திரும்பிவிட்டது, அச்சுத் தப்பு மாதிரிதான், வேறொன்றுமில்லை என்று நான் பாட்டுக்கு உளறினேன். அவள் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"திருப்பி வச்சது நீங்களா?"

ஆமாம், என் கைதான் என்றேன்.

"இத்தன நாளா நான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேங்க. என் உடம்புதான் புள்ளைய கொன்னுடுச்சுன்னு."

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், பைத்தியமா உனக்கு என்று கத்த வாய்வரை வந்துவிட்டது. அவளைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் இறுக்கிவைத்திருந்த தோள்கள் இரண்டும் இறங்கியிருந்தன. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

"ஆமா," என்றேன். "நான்தான்."