இறக்கை நுனியைப் பிடித்து ஒரு சுற்று

என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் கன்வேயர் வேலை. ஷிப்ட் இல்லாத காலைகளில் ரிமோட்டில் ஓட்டும் கிளைடர் விமானத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் குடியிருப்பு பிளாக் மைதானத்துக்குப் போய்விடுவார். அதற்கு மோட்டார் கிடையாது. எறிகிற வேகத்தில்தான் மேலே ஏற வேண்டும். தோள் வலிக்காகப் போன இடத்தில், இனிமேல் கையை வீசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. கிளைடரைத் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார்.

எனக்கு எரிச்சல் வந்தது. மறுநாள் காலை அவரையும் கிளைடரையும் மைதானத்துக்குக் கிளப்பிக்கொண்டு போனேன்.

"இத எப்படிங்க எறிவீங்க?"

இடது இறக்கை நுனியில் சின்னக் குச்சி ஒன்று இருந்தது. அதில் இரண்டு விரலை மாட்டி, கையை நீட்டி, ஒரு சுற்றுச் சுற்றிக் காற்றுக்கு எதிராக விடவேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளியில் மூன்று வருஷம் வட்டு எறிந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு எதையும் எறிந்ததில்லை, எறியத் தோன்றிய நாட்கள் உண்டு.

"நான் எறியறேன், குடுங்க."

"ஒடைச்சிடப் போற."

"குடுத்துடப் போறதுதானே."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுற்றினேன். விடும்போது பழக்கதோஷத்தில் மணிக்கட்டைச் சுண்டிவிட்டேன். கிளைடர் வாலை ஆட்டிக்கொண்டு பக்கவாட்டில் போய்ப் புல்லில் மூக்கைக் குத்தியது. போய் எடுத்துப் பார்த்தேன். வாலில் லேசான விரிசல்தான். அவர் டேப் ஒட்டிக்கொண்டே கேட்டார்.

"கடைசில கைய எதுக்குத் திருப்புன?"

"வட்டு சுத்திக்கிட்டே போனாத்தானே நேராப் போகும்?"

"இது சுத்தக் கூடாது. நீ சும்மா விட்டுடு, அதுவே புடுங்கிக்கிட்டுப் போகும்."

எறியாமல் எப்படி எறிவது? மூன்று வருஷம் படித்ததை விரல் மறக்க வேண்டுமே. இன்னொரு முறை சுற்றினேன். இந்தத் தடவை குச்சி தானாகவே விரலிலிருந்து உருவிக்கொண்டு போனது. நிமிர்ந்து பார்த்தபோது கிளைடர் யூக்கலிப்டஸ் மரங்களுக்கு மேலே இருந்தது.

"நான் எறிஞ்சு இவ்ளோ ஒசரம் போனதே இல்ல" என்றார், ரிமோட்டிலிருந்து கட்டைவிரலை எடுக்காமல். நான்கைந்து வட்டம் அடித்து என் பக்கமாக இறக்கினார். ஓடிப்போய் இறக்கையைப் பிடித்தேன்.

"இனிமே எறியறது நீ, ஓட்டறது நான். யாருக்கும் குடுக்க வேணாம்."

அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காலையில் கிளம்பும்போது எனக்கு அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன். போதவில்லை.

"ஓட்டறதையும் சொல்லிக் குடுங்க" என்றேன்.

கழுத்தில் மாட்டியிருந்த ரிமோட்டைக் கழற்ற அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.