கடைசித் தூணில் ஓர் ஆள்

இது நடந்தது. கேட்டவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர், தூக்கம் கெட்டவன் கண்ணுக்கு எதுவும் தெரியும் என்றார்கள். அதுவும் சரிதான். எட்டு வருடம் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பாதியில் ஓடி வந்தவன் நான். ஆனால் அன்று மணி மாலை 6.41. நல்ல வெளிச்சம் இருந்தது. நான் குடிப்பதில்லை. பக்கத்தில் நின்ற என் தங்கச்சியும் பார்த்தாள்.

என் பழைய வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

துறைமுகத்தில் கப்பல்களின் கயிறு கழற்றும் வேலை. மேடை ஓரத்தில் குட்டையான இரும்புத் தூண்கள் வரிசையாக இருக்கும். கப்பலிலிருந்து வரும் கயிற்றின் நுனியில் ஒரு பெரிய வளையம். அதைத் தூணில் மாட்டினால் கப்பல் நிற்கும், கழற்றினால் போகும். ஒரு தூணுக்கு எப்போதும் இரண்டு பேர். ஒருவன் வளையத்தைக் கழற்றித் தண்ணீரில் தள்ளுவான். இன்னொருவன் பத்தடி தள்ளி நின்று அவனையே பார்த்துக்கொண்டிருப்பான். கழற்றியவன் விலகி வந்து ஒரு கையைத் தூக்கினால், 'நான் வெளியே வந்துவிட்டேன்' என்று அர்த்தம். உடனே தள்ளி நிற்பவன் வலது கையை நேராகத் தூக்கிக் கப்பலுக்குக் காட்டுவான். கப்பலில் இருக்கும் இயந்திரம் கயிற்றை விருட்டென்று இழுத்துக்கொள்ளும்.

கழற்றியவன் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்தால், 'நிறுத்து, என் கால் கயிற்றுக்குள் இருக்கிறது' என்று அர்த்தம்.

யாரும் எதுவும் காட்டாவிட்டால் கப்பல் காத்திருக்கும். ஒரு மணி நேரமானாலும் காத்திருக்கும். அதுதான் விதி.

எனக்கு ஜோடி, என் தங்கச்சி புருஷன். நான் அவனை 'மாப்ள' என்பேன், அவன் என்னை 'மச்சான்' என்பான். கழற்றுவது அவன், பார்ப்பது நான். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் இரவு, 3.12 மணி. எனக்குத் தொடர்ந்து இரண்டாவது ஷிப்ட். கடைசித் தூணில் அவன் கைகளைக் குறுக்கே வைத்தான். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. கண் பார்த்தது; தூங்கிப் போன மூளை பழகிய வேலையைச் செய்தது. என் வலது கை மேலே போனது.

'ட்டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

விசாரணையில், அவன் ஒரு கையைத் தூக்கி 'வெளியே வந்துவிட்டேன்' என்று காட்டினான் என்று சொன்னேன். அந்த முனையில் கேமரா கிடையாது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்தார்கள். அடுத்த வாரமே வேலையை விட்டேன். துறைமுகப் பக்கம் போகவில்லை. தங்கச்சி நான் சொன்னதைத்தான் நம்பினாள். புருஷன் படத்துக்கு முன்னால் நின்று, "கொஞ்சம் பார்த்து நின்னிருக்கக் கூடாதா?" என்று அவள் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கு மிச்சமிருந்த ஒரே சொந்தம் அவள். உண்மை தெரிந்தால் அவளும் இல்லை.

இனி கப்பலுக்கு வருகிறேன்.

தங்கச்சிக்கு ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. டாக்டரும் அவர் மனைவியும் மூன்று நாள் சொகுசுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தார்கள். கடைசி நேரத்தில் போக முடியவில்லை. பெயரை மாற்றி இவளிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் என்னை இழுத்தாள். நான் மறுத்தேன்.

"எட்டு வருஷம் கப்பலை வழியனுப்பி வச்ச. ஒருத்தனாவது உன்னை உள்ள கூப்பிட்டானா? ஊரான் பல்வலியில நமக்கு ஒரு கப்பல் கிடைச்சிருக்கு, வாண்ணா."

போனேன். என் பழைய துறைமுகம். என் பழைய மேடை.

மாலை 3.40. பதிவு மேசையில் இருந்த பெண் எங்களிடம் அறைச் சாவி அட்டைகளை நீட்டினாள். மூன்று அட்டைகள். பிறகு அவளே ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"சாரி சார், மெஷின் ஒண்ணு கூடுதலா அடிச்சிருச்சு."

அந்த மூன்றாவது அட்டையில் பெயர் இல்லை. மேல்புறம் ஈரமாக இருந்தது.

4.50. பாதுகாப்புப் பயிற்சி. எல்லோரையும் கூடத்தில் வரிசையாக நிற்க வைத்து எண்ணினார்கள். எண்ணிய ஊழியன் எங்கள் வரிசைக்கு வந்து, "உங்க அறையில மூணு பேர்" என்றான்.

"ரெண்டு பேர்தான் தம்பி."

அவன் என் தோளுக்குப் பின்னால் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தாளில் எதையோ அடித்துவிட்டு நகர்ந்தான். நான் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

கப்பல் 6.30க்குக் கிளம்பும் என்றார்கள். எங்கே நின்று பார்ப்பது என்பதில்தான் எனக்கும் அவளுக்கும் தகராறு. முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் மேல்தளத்துக்குத்தான் ஓடுகிறார்கள். பாட்டு, கூட்டம், நீச்சல் குளம். ஊர் முழுக்கத் தெரியும். நானும் அங்கேயே போகலாம் என்றேன். மேடையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறேனோ, எனக்கு அவ்வளவு நல்லது.

"மேல வேணாம். மூணாவது தளம், பின்னாடி முனை" என்றாள்.

"அங்க என்ன இருக்கு? படகைத் தொங்கவிட்டு மறைச்சிருப்பான்."

"கடைசியில ஒரு இடைவெளி இருக்காம். உன் மாப்ளதான் சொல்லியிருக்காரு. மேல நிக்கறவங்களுக்கு ஊர்தான் தெரியும், மூணுல நின்னாத்தான் கீழ நிக்கறவன் மூஞ்சி தெரியும்னு. ஒரு நாள் உன்னை அங்க நிறுத்தி வச்சு நான் கீழேருந்து கை காட்டறேன்னு சொல்லிட்டே இருப்பாரு."

அவள் பின்னால் நடந்தேன்.

6.22. மூன்றாம் தளத்தின் நடைபாதையில் நாங்கள் மட்டும்தான். தலைக்கு மேல் உயிர்காப்புப் படகுகள். கடைசியில் அவள் சொன்ன இடைவெளி இருந்தது. இரண்டு பேர் நிற்கலாம். கொஞ்சம் நெருக்கினால் மூன்று பேர்.

ஒரு வாடை அடித்தது. நைலான் கயிறு நனைந்து, கிரீஸ் பட்டு, வெயிலில் காய்ந்த வாடை. கயிறு கீழே இருக்கிறது, வாடை வரத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆனால் வாடை கீழிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது.

6.30. நீளமாக ஒரு சங்கொலி. மேல்தளத்தில் கைதட்டல்.

6.36. எட்டிப் பார்த்தேன். மேடையின் வால் பகுதி மட்டும் தெரிந்தது. கடைசித் தூண். அதில் ஒரு கயிறு. பக்கத்தில் ஓர் ஆள்.

ஆரஞ்சு நிறச் சட்டை. தலையில் ஹெல்மெட். தாடைப் பட்டையைப் போடாமல் தொங்கவிட்டிருந்தான். குனிந்து நின்றதால் முகம் தெரியவில்லை.

"அதோ பாருண்ணா. அவரும் இப்படித்தான் பட்டையைப் போடவே மாட்டாரு."

எனக்கு வேறொன்று உறுத்தியது. ஒரு தூணுக்கு இரண்டு பேர். எப்போதும் இரண்டு பேர். இங்கே ஒருவன்தான். பத்தடி தள்ளிப் பார்த்தேன். இன்னொருவன் நிற்க வேண்டிய இடம் காலி.

அது என் இடம்.

6.39. அந்த ஆள் வளையத்தைக் கழற்றினான். ஒரு இழுப்பு... முட்டியால் ஒரு தள்ளு. அந்தத் தள்ளு எனக்குத் தெரியும். எட்டு வருடம் பார்த்த தள்ளு.

தங்கச்சி கையை ஆட்டினாள். "ஹலோ!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள்.

அவன் நிமிரவில்லை.

6.40. மேலே பாட்டு நின்றது. நின்றதா, என் காதுதான் அடைத்ததா, தெரியாது. தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை.

அவன் மெதுவாக நிமிர்ந்தான்.

முகம்... இருந்தது. அதைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவேன்.

அவன் தங்கச்சியைப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்தான்.

இரண்டு கைகளையும் தூக்கினான்.

நெஞ்சுக்கு முன்னால்...

குறுக்கே வைத்தான்.

அப்படியே நின்றான்.

காத்திருந்தான்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். சும்மா இருக்க வேண்டும். கம்பியை இறுகப் பிடித்திருந்தேன். விரல் ஒவ்வொன்றாக விட்டது. நான் விடவில்லை. அதுவே விட்டது.

என் வலது கை மேலே போனது.

நேராக.

6.41.

ட்டக்.

கீழே தூண் இருந்தது. கயிறு இல்லை. ஆள் இல்லை. கப்பலுக்கும் மேடைக்கும் நடுவில் தண்ணீர் அகன்றுகொண்டே போனது. மேலே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க போயிட்டாரு?" என்றாள் தங்கச்சி. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. என் கை இன்னும் மேலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷெட்டுக்குப் போயிருப்பான்."

"ரெண்டு கையையும் குறுக்கால வச்சாரே, அதுக்கு என்ன அர்த்தம்?"

நான் யோசிக்கவே இல்லை. பொய் தயாராக வந்தது.

"போயிட்டு வாங்கன்னு அர்த்தம்."

"ஓ" என்றாள். "நல்லா இருக்கே."

மூன்றாம் நாள் காலை 7.15க்குத் திரும்பி வந்தோம். அவளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பழைய சூப்பர்வைசரைத் தேடிப் போனேன். கேன்டீனில் இருந்தார். தலை நரைத்திருந்தது.

"அடடே, ஓடிப்போனவன் வந்துட்டான். என்னப்பா, திரும்பவும் நைட் ஷிப்ட் வேணுமா?"

"போன வியாழக்கிழமை பின்பக்கம் கயிறு கழற்றினது யாரு சார்?"

"கயிறா? ஆளே கிடையாதப்பா. உன் மாப்பிள்ளை போன பிறகு எல்லாத்தையும் மாத்தியாச்சு. இப்ப கொக்கிதான். அறையில உட்கார்ந்து பட்டனை அமுக்கினா தானா திறந்துக்கும். மேடைக்கு ஒருத்தனும் போறதில்லை."

"கடைசித் தூண்ல ஓர் ஆள் நின்னான் சார்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். மேடையின் வால் பகுதி. கடைசித் தூண் இருந்த இடத்தில் வட்டமாகச் சிமென்ட் பூசியிருந்தது. மேலே மஞ்சள் பெயின்ட்.

"அறுத்து எடுத்து ஒன்றரை வருஷம் ஆகுது" என்றார்.

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது. வாராவாரம் வெள்ளிக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போவேன். இரண்டாவது மாடி. நான் கிளம்பும்போது அவள் வாசலில் நின்று, சிரித்துக்கொண்டே, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைப்பாள்.

போயிட்டு வா.

நானும் சிரித்த மாதிரி ஏதோ செய்துவிட்டு இறங்கிவிடுவேன். கையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொள்வேன். ஆறு வாரம் அப்படிச் சமாளித்தேன்.

ஏழாவது வாரம். மாலை 6.41. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும். இரண்டு கையிலும் பை. காலி டப்பாக்கள் கொடுத்தனுப்பியிருந்தாள். வாசலில் நின்று கைகளைக் குறுக்கே வைத்தாள்.

வலது கையிலிருந்த பை கீழே விழுந்தது. டப்பாக்கள் படியில் உருண்டன.

என் கை மேலே போனது. நேராக.

தங்கச்சி சிரிக்கவில்லை. அந்தக் கையை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள்.

"அந்த ராத்திரியும் இப்படித்தானே தூக்கின?" என்றாள்.

தூக்கிய கையை இறக்கினேன்.

"கல்யாணமான புதுசுலயே எல்லாச் சைகையும் சொல்லிக் குடுத்துட்டாரு. விளையாட்டா. குறுக்கால வச்சா, ஆள் கயித்துக்குள்ள இருக்கு."

"அப்ப... கப்பல்ல ஏன் என்கிட்ட கேட்ட?"

"நீ என்ன சொல்றன்னு பார்க்கத்தான்."

"தங்கச்சி..."

"ஏழு வாரம் இங்க நின்னு கேட்டுட்டேன்ணா. இனிமே கேக்க மாட்டேன்."

கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான்.

டப்பாக்களைப் பொறுக்கவில்லை. இறங்கினேன். கீழ்வாசல் விளக்கு எரியவில்லை. கடைசிப் படியிலிருந்து தெருவில் கால் வைத்ததும் அந்த வாடை வந்தது.

நனைந்த நைலான். கிரீஸ்.

குனிந்து பார்த்தேன். தரையில் ஈரம். மழை இல்லை. யாரும் தண்ணீர் கொட்டவில்லை. ஈரம் வட்டமாக இருந்தது. ஒரு பெரிய வளையம் மாதிரி.

என் வலது கால் அதற்குள் இருந்தது.

நகரப் பார்த்தேன்.

முடியவில்லை.

நான் மேலே பார்த்தேன். இரண்டாவது மாடி சன்னலில் தங்கச்சி நின்றிருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்தேன்.

அவள் கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. குறுக்கே வைக்கவில்லை. மேலே தூக்கவும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. சன்னல் இருண்டது. பிறகு ஈரம் காய்ந்திருந்தது, கால் வந்தது, வீட்டுக்கு நடந்தேன். அன்றிலிருந்து அந்த வாடை போகவில்லை. குளித்தாலும் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும் இந்த மேசைக்கு அடியிலும் இருக்கிறது.

சைகை வராதவரை கப்பல் காத்திருக்கும்.

அவள் இன்னும் எதுவும் காட்டவில்லை.