ஆகாய விமானத்தில் அத்தான்

அக்கா வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள். அத்தான் காலமாகி இத்தனை வருஷம் ஆகியும் மாலை போட்ட படம் ஒன்று சுவரில் இல்லையே, இது என்ன குடும்பம் என்று அவர்கள் நினைப்பது முகத்திலேயே தெரிந்துவிடும். கொஞ்சம் உரிமை உள்ளவர்கள் கேட்டும்விடுவார்கள். அக்கா டி.வி. மேசையைக் கை காட்டுவாள். அங்கே இருக்கிறது அத்தானின் படம். பலகையில் வரைந்த ஓர் ஆகாய விமானம். அதற்கு வட்ட வட்டமாக நான்கு ஜன்னல். மூன்று ஜன்னல் காலி. நாலாவதில் அத்தான், கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி வாயை ஆவென்று திறந்துகொண்டு. கீழே ஓரத்தில் கலங்கலாக ஒரு சின்னக் கை. எடுத்த போட்டோக்காரரே கெட்டுப்போச்சு என்று சொல்லிக் காசு வாங்க மறுத்த படம் அது. அதற்குத்தான் வீட்டிலேயே நல்ல சட்டமாகப் பார்த்துப் போட்டிருக்கிறோம்.

அறுபதுகளின் நடுவில் நான் போர்ட் பிளேர் பக்கம் சிப்பிகாட் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து அக்காவைக் கட்டிக்கொடுத்துக் கப்பலேற்றியபோது, துணைக்கு இருக்கட்டும் என்று என்னையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்ததால் இங்கே கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். அத்தான் வயர்லெஸ் ஆப்பரேட்டர். அக்காவுக்குப் பயல் பிறந்த மூன்றாம் மாதம் அவரைக் கார் நிக்கோபாருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே குடும்பத்துக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. ஆகவே அக்காவும் பயலும் என்னுடைய தகர வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அத்தானுக்குக் கப்பல் இருக்கும்போது லீவு கிடைக்காது, லீவு கிடைக்கும்போது கப்பல் இருக்காது. இப்படியே பயலுக்கு இரண்டு வயது ஆகிவிட்டது. "ஊர் உலகத்துச் சேதியெல்லாம் டக்கு டக்குன்னு ஒரு நிமிஷத்துல அனுப்புறாரு உங்க வீட்டுக்காரரு, நமக்கு ஒரு கடுதாசி வர மட்டும் ஒரு மாசமா?" என்று நான் கேலி செய்வேன். அக்கா சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பிள்ளைக்கு அப்பாவைத் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று நான்தான் ஒரு காரியம் செய்தேன். டீச்சர் இல்லையா, பாடம் நடத்தாமல் இருக்க முடியுமா? கல்யாணத்துக்கு முன்னால் ஸ்டூடியோக்காரரின் கோட்டையும் டையையும் மாட்டிக்கொண்டு அத்தான் எடுத்த மார்பளவுப் படம் ஒன்று இருந்தது. அதைச் சுவரில் பயலுக்கு எட்டும் உயரத்தில் மாட்டினேன். காலையில் எழுந்ததும் "அப்பா எங்கே?" என்று கேட்பேன், பயல் ஓடிப்போய்ச் சுவரைத் தொடுவான். சோறு ஊட்டும்போது முதல் வாய் அப்பாவுக்கு. "அப்பா, ஆ" என்று சொல்லிக் கண்ணாடியில் அப்புவான். பருப்பும் நெய்யும் வழிந்து, எறும்பு வரிசை கட்டி, அதைத் தினமும் துடைப்பது என் வேலை. என் மாணாக்கர்களிலேயே பாடத்தை அவ்வளவு சுத்தமாகப் படித்தவன் அந்தப் பயல் ஒருவன்தான். எனக்கு ஒரே பெருமை.

பெருமையெல்லாம் அத்தான் வந்து இறங்குகிற வரைக்கும்தான். ஐந்து நாள் லீவு. வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டும். தோளில் தேங்காய் மூட்டையும் கையில் குட்டி மரத்தோணியுமாக வாசலில் நின்றார். நான்தான், "டேய், யாரு வந்திருக்கா பாரு, அப்பாடா!" என்றேன். பயல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். டீச்சருக்கே பாடம் மறந்துவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, சுவரைக் காட்டி, "அப்பா அங்க" என்றான். தோணியை மட்டும் மரியாதையாக வாங்கிக்கொண்டு, "மாமா, டாட்டா" என்று வாசலைக் காட்டினான்.

முதல் நாள் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தானும் சிரித்தார். மறுநாள் துண்டை டை மாதிரி கழுத்தில் முடிந்துகொண்டு, விறைப்பாகப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். பயல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு படத்துக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, இவர் தூக்க வந்தபோது வீறிட்டு அழுதான். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "பச்சா ஹை, ஆ ஜாயேகா" என்று ஆறுதல் சொன்னார். குழந்தைதானே, தானாக வந்துவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மூன்றாம் நாளும் வரவில்லை. அன்று சாயங்காலம் அத்தான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். "நாளன்னைக்குக் கப்பல். அடுத்த லீவு எப்பன்னு ஆண்டவனுக்கே தெரியாது. அவன் மாமான்னு கூப்பிட்டதைக் கேட்டுட்டு நான் எப்படிம்மா போய் அங்க உக்காருவேன்?" என்றார். செய்த தப்பு என்னுடையது என்பது எனக்குத் தெரியும், அவமானமாக இருந்தது.

அந்த வாரம் போர்ட் பிளேர் மைதானத்தில் மேளா நடந்துகொண்டிருந்தது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ராட்டினமெல்லாம் வந்து இறங்கியிருந்தது. பயலுக்கு இதெல்லாம் முதல் தடவை. அங்கே கூட்டிப்போனால் மனசு மாறுவான் என்று நாலாம் நாள் எல்லோரும் பஸ் ஏறினோம். பயல் என் இடுப்பில். அத்தான் பலூன் வாங்கிக் கொடுத்தார். அது வெடித்தது, அழுகை அவர் பேரில் திரும்பியது. குடை ராட்டினத்து மரக்குதிரையில் பயலை மடியில் வைத்துக்கொண்டு நான் சுற்றினேன். நாங்கள் வருகிற ஒவ்வொரு சுற்றுக்கும் அத்தான் கீழே நின்று கையை ஆட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் பயல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசிச் சுற்றில் அவர் கை அரைகுறையாகத்தான் உயர்ந்தது. பிறகு வீரத்தைக் காட்டுவதற்காகத் தன்னந்தனியாக ராட்சச ராட்டினத்தில் ஏறினார். உச்சிக்குப் போனதும் பயல் குஷியாகிவிட்டான். "மாமா டாட்டா! மாமா டாட்டா!" என்று இரண்டு கையையும் ஆட்டி அவரை ஆகாயத்துக்கே வழியனுப்பிவைத்தான். எந்தக் கடலிலும் வாந்தி எடுக்காத மனுஷர், இறங்கியதும் கொட்டகைக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"போதுங்க. ஒரு போட்டோவாவது எடுத்துக்குவோம், அங்க நீங்க வச்சுப் பாத்துக்கலாம்" என்றாள் அக்கா. "ஆமா, அவன் என் படத்தைப் பாத்துக்கிட்டு இங்க இருக்கட்டும், நான் அவன் படத்தைப் பாத்துக்கிட்டு அங்க இருக்கேன்" என்றார் அத்தான். அவர் கோபமாகப் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். போட்டோக் கொட்டகையில் அந்த விமானப் பலகை நின்றது. பின்னால் போய் ஜன்னலில் தலையை நீட்டினால் பறக்கிற மாதிரி படம் வரும். உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அத்தான் முதலில் போனார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் பயலோடு எதிரே நின்றேன். பயல் கையில் பாதி தின்ற ஜிலேபி.

வட்டச் சட்டத்துக்குள் அத்தானின் முகம் வந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. என் இடுப்பில் இருந்த பயல் விறைத்தான். ஒரு நிமிஷம் மூச்சே விடவில்லை. "அப்பா!" என்று கத்தினான் பாருங்கள், ராட்டினக்காரன் திரும்பிப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு இறங்கி ஓடினான். பலகைக்கு அடியில் நின்று எம்பி எம்பி ஜிலேபியை நீட்டினான். "அப்பா, ஆ! அப்பா, ஆ!" அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடியும் கண்ணீர் நிற்கவில்லை. வாயை மட்டும் அகலமாகத் திறந்தார். "ஹிலோ மத், பாபு!" என்று அசையாமல் இருக்கச் சொல்லிப் போட்டோக்காரர் அலறியபடியே அமுக்கிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் சங்கடம். அத்தான் தலையை வெளியே எடுக்க மாட்டேன் என்றார். "எடுத்தா மறுபடி மாமா ஆயிருவேன்" என்று ஜன்னலுக்குள் இருந்தே சொன்னார். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட, போட்டோக்காரர் "நிக்லோ, பாபு, நிக்லோ" என்று வெளியே வரச் சொல்லிக் கெஞ்ச, அத்தான் ஜிலேபியைத் தின்பதற்காகக் குனியக்கூடப் பயந்தார். கடைசியில் அக்காதான் பயலின் கையைப் பிடித்துப் பலகைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அங்கே தலை இல்லாமல் ஒரு சட்டை, ஒரு வேட்டி, ஒரு ஜோடிச் செருப்பு. பயல் முன்னால் ஓடி வந்து பார்த்தான், தலை இருந்தது. பின்னால் ஓடிப் பார்த்தான், கால் இருந்தது. மூன்று நாலு தரம் இப்படிச் சுற்றினான். பிறகு வேட்டியைப் பிடித்து இழுத்தான். அத்தான் மெதுவாக, மிக மெதுவாகத் தலையை வெளியே எடுத்தார். பயல் அண்ணாந்து அந்த முகத்தைப் பார்த்தான். ஜிலேபிக் கையை மேலே தூக்கி, "தூக்கு" என்றான்.

மறுநாள் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிற வரைக்கும் அவனை அவர் இறக்கிவிடவே இல்லை. சட்டை முதுகெல்லாம் ஜிலேபிப் பாகு, அப்படியே ஏறிப் போனார். வீட்டுக்கு வந்து சோறு ஊட்டும்போது நான் பழக்க தோஷத்தில் சுவரைக் காட்டி, "அப்பாவுக்கு ஆ?" என்றேன். பயல் இல்லை என்று தலையை ஆட்டினான். "அப்பா கப்பல்ல" என்றான். அந்த ராத்திரியே அக்கா படத்தைக் கழற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அடுத்த வருஷம் குவார்ட்டர்ஸ் கிடைத்து அவர்கள் நிக்கோபாருக்குப் போனார்கள், நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன்.

அத்தான் பேரன் பேத்தி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனார். காரியங்கள் முடிந்ததும், டிரங்குப் பெட்டியிலிருந்த கோட்டுப் படத்தைப் பெரிதாக்கி மாலையும் வாங்கி வந்து, ஆணி அடிக்கச் சுத்தியலைத் தூக்கியவளும் நான்தான். பயல், அப்போதே காதோரம் நரைத்துவிட்ட பயல், என் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தான். "வேணாம் சித்தி. எங்கப்பா ஒருதடவ செவுத்துலருந்து எறங்கி வந்தவரு. மறுபடி ஏத்தாதீங்க" என்றான். பிறகு விமானப் படத்தைத் துடைத்து மேசையில் வைத்தான்.

வருஷா வருஷம் அத்தான் திதிக்கு வடை, பாயசம் எல்லாம் உண்டு. ஆனால் முதலில் ஒரு ஜிலேபி. பயல் அதைக் கையில் எடுத்துப் படத்துக்கு நேரே நீட்டி, தன் பேத்தி பார்க்கிறாளே என்ற கூச்சம்கூட இல்லாமல், "அப்பா, ஆ" என்கிறான். அவர்தான் வாயைத் திறந்தே வைத்திருக்கிறாரே. கண்ணாடியில் பாகு வழிகிறது, எறும்பு வருகிறது, இன்னும் அதைத் துடைப்பவள் நான்தான்.